பெயர் அதேதான்... வைஃபை அதுதானா? கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செட்டிங்

சென்னையில் படிக்கும் மாணவர் ஒருவர் விடுமுறைக்குத் தேனி மாவட்டம் கூடலூருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார். போன் பாக்கெட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது, அவருடைய கல்லூரி வைஃபையின் பெயரிலேயே ஒரு போலி வைஃபையை ஆன் செய்து வைத்திருந்தால், போன் தானாகவே அதில் இணையப் பார்க்கும். கல்லூரி பாஸ்வேர்டு திருடுபோவதற்கு, கல்லூரியில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை!

ஒரே பெயர், உலகம் முழுக்க

'எடுரோம்' என்ற வைஃபை சேவையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2002இல் நெதர்லாந்தில் உருவான யோசனை இது. சொந்தக் கல்லூரியின் யூசர்நேம், பாஸ்வேர்டை வைத்தே, இதில் சேர்ந்துள்ள எந்தப் பல்கலைக்கழகத்திலும் நெட் பயன்படுத்தலாம். இந்தியாவில் இதை எர்னெட் இந்தியா நடத்துகிறது. எல்லா ஊரிலும் ஒரே பெயர் என்பதால், போலி செய்வதும் சுலபம்.

ஓட்டை எங்கே?

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். அதனால்தான் கல்லூரி சர்வர், அடையாள அட்டை மாதிரி ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகிறது. போன் அதைச் சரிபார்த்த பிறகே பாஸ்வேர்டு விவரத்தைத் தர வேண்டும். அவசரத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று செட்டிங்கில் கொடுத்திருந்தால், போலி சர்வரிடமும் அந்த விவரம் போய்விடும். அது குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், பரவலாகப் பயன்படும் எம்எஸ்-சாப் வி2 முறையை உடைக்க முடியும் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். பிக்சல் போன்களில் 2020 டிசம்பர் அப்டேட்டில் கூகுள் அந்த ஆப்ஷனையே தூக்கிவிட்டது.

பல இடங்களில் அதே பாஸ்வேர்டில்தான் மெயிலும் திறக்கும். மெயில் கைக்குப் போனால், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.

என்ன செய்யலாம்?

* கல்லூரி தரும் செட்டப் ஃபைல் அல்லது 'கெட்எடுரோம்' ஆப் மூலம் இணையுங்கள். சான்றிதழ் செட்டிங் தானாக அமைந்துவிடும்.
* கையால் செட் செய்தால், கல்லூரி சொல்லும் சான்றிதழையும் டொமைன் பெயரையும் சரியாகக் கொடுங்கள்.
* வளாகத்துக்கு வெளியே 'இந்தச் சான்றிதழை நம்பலாமா?' என்று போன் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.
* ஏற்கெனவே 'சரிபார்க்க வேண்டாம்' கொடுத்தவர்கள், அந்த வைஃபையை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்த பஸ் ஏறுவதற்குள் முடிந்துவிடும் வேலைதான்.