மேஜைமேல் மதுரைக் கோட்டை

ஆடுபுலி ஆட்டம் தெரியாத பாண்டி நாட்டுக்காரர் உண்டா? கோயில் மண்டபத்துக் கல் தரையிலும், ஊர்ச் சாவடித் திண்ணையிலும் யாரோ எந்தக் காலத்திலோ கீறி வைத்த அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் நம் கை துறுதுறுக்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவித் தாவி ஆட்டைத் தின்னும். ஆட்டுக்கோ பல்லும் கிடையாது, நகமும் கிடையாது. அது புலியைக் கொல்வதே இல்லை. நாலு பக்கமும் நின்று வழியை அடைத்துவிடும். நகர இடமில்லாத புலி தோற்ற புலி.

யுத்த சாஸ்திரத்தில் இதற்கு முற்றுகை என்று பெயர்.

யுத்தத்தை விளையாட்டாக ஆடுவது நமக்குப் புதிதல்ல. சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைத்தான் குறிக்கிறது. மதுரைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் கீழடியில் 2015-ஆம் ஆண்டிலிருந்து தோண்டிக்கொண்டே இருக்கிறார்களே, அங்கே பானை ஓட்டுக்கும் மணிக்கும் நடுவில் பகடையும் ஆட்டக் காய்களும் கிடைத்தன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்துப் பொருள்களைக் கண்ணாரக் காணலாம். நம் முப்பாட்டனாரும் உத்தியோக நேரம் போக மிச்ச நேரத்தில் காய் உருட்டியவர்களே என்று தெரிந்துகொள்வதில் ஒரு திருப்தி!

ஆனால் நான் சொல்ல வந்த விளையாட்டு கொஞ்சம் வேறு தினுசு. சரித்திரத்தில் நடந்த ஒரு யுத்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடந்த ஆறு, குன்று, மதில் எல்லாவற்றையும் மேஜைமேல் சிறிதாக அமைக்க வேண்டும். கட்டைவிரல் உயரத்தில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்த வேண்டும். பிறகு அளவுகோலும் பகடையும் கையிலெடுத்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, அந்த யுத்தத்தை மறுபடி நடத்த வேண்டும். தோற்றவர் ஜெயிக்கலாம், ஜெயித்தவர் ஓடலாம்.

1824-இல் பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி இப்படி ஓர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். இது விளையாட்டல்ல, யுத்தப் பயிற்சி என்று படைத் தலைவரே வியந்துபோய், ராணுவம் முழுவதும் அதைப் பழகும்படி ஆயிற்று. அதைச் சாமானியர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் 'சின்ன யுத்தங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைத் திணித்து, தரையில் மண்டியிட்டுத் தகரச் சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளினார் அந்த மனிதர். நிஜ யுத்தத்தைவிட இதுவே மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டுவிட்டது. அவர் சொன்னதை ராஜாக்கள் கேட்கவில்லை.

மதுரையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஆடுகிறோம். தகரச் சிப்பாய்க்கு எங்கே போவது? கவலையே இல்லை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். சிவப்புக் குப்பாயம் போட்ட சிப்பாய் கேட்டால் சிரித்துக்கொண்டே செய்து கொடுக்கிறார்கள். ஒரு பொம்மை ஐம்பது பேருக்குச் சமானம். நவராத்திரிக்கு மட்டும் அவை படியேறிப் பார்வதி கல்யாண செட்டுக்குக் காவல் நிற்கும். அந்த ஒன்பது நாளும் யுத்த நிறுத்தம், வீட்டம்மாளின் உத்தரவு!

எங்கள் ஊரிலேயே நடந்த மகா முற்றுகை ஒன்று இருக்கும்போது வேறு யுத்தம் எதற்கு? 1764-ஆம் வருஷத்து மதுரை முற்றுகையைத்தான் ஆடுகிறோம்.

கான் சாகிப் என்று ஜனங்கள் அழைத்த யூசுப்கான் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர். கம்பெனிப் படையில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்து, 1759-இல் மதுரைச் சீமையின் நிர்வாகத்துக்கு வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபோடும் கம்பெனியோடும் முறுகிக்கொண்டு 1763-இல் தனிக்கொடி பிடித்தார். அந்த வருஷம் முற்றுகையிட்டவர்கள் மழைக்காலம் வந்ததும் பின்வாங்கினார்கள். மறு வருஷம் மேஜர் கேம்பல் வந்தார். ஜூன் 26-ஆம் தேதி மதில் மேல் பாய்ந்து பார்த்தார். பலிக்கவில்லை. அப்புறம் அவர் செய்தது என்ன? ஆட்டின் வேலை! நாலு பக்கமும் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 13-ஆம் தேதி, தொழுகையில் இருந்த கான் சாகிப்பை அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டிவிட்டார்கள். திவான் ஸ்ரீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ச்சாண்டும் அதில் முக்கியஸ்தர்கள். 15-ஆம் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் இன்றைக்கும் அவருக்குத் தர்கா இருக்கிறது. ஊருக்குள் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. அவர் கதையைப் படமாக்கக் கமல்ஹாசன் 1997-இல் எலிசபெத் ராணியை வைத்துத் தொடங்கிய 'மருதநாயகம்' தடைபட்டு நின்றுபோயிற்று. மேஜைமேலாவது முடிப்போமே என்று தொடங்கினோம்.

கோட்டையை எங்கே பார்ப்பது? நாயக்கர் காலத்தில் இரட்டை மதிலும் அகழியும் எழுபத்திரண்டு கொத்தளமுமாக நின்றது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில்தான் இப்போது வெளிவீதிகள் ஓடுகின்றன. வேலையில் துணை நின்ற பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் தெருப் பெயராகி நிலைத்தார்கள். ஆகவே மதுரைக்காரருக்கு வரைபடமே வேண்டாம். நடுவே அம்மன் கோயில். சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள். வெளிவீதி வரும் இடமெல்லாம் மதில். வடக்கே நீலத் துணியை விரித்தால் வைகை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஒரு சுற்று என்பது ஒரு வாரம். மோதலுக்குத் தாயக்கட்டை. கோட்டைக்குள் இருக்கும் நெல்லுக்குப் புளியங்கொட்டை. மொத்தம் தொண்ணூறு கொட்டை. வாரம் ஐந்து செலவு. சிப்பாய்களுக்கு மூன்று, ஊர் ஜனங்களுக்கு இரண்டு. ஜூன் கடைசியில் தொடங்கிப் பதினெட்டு வாரம் தாக்குப் பிடித்தால் அக்டோபர் மழை வந்துவிடும், கான் சாகிப் ஜெயித்தார் என்று அர்த்தம். இந்தக் கணக்கு சரித்திரம் சொன்னதல்ல. ஆட்டத்துக்காக நாங்கள் வகுத்துக்கொண்டது.

பீரங்கிக்கும் பசிக்கும் விதி எழுதியாயிற்று. துரோகத்துக்கு எப்படி எழுதுவது? இதுதான் எங்களை மாதக்கணக்கில் படுத்தி வைத்த கேள்வி. முதலில், தாயக்கட்டையில் பன்னிரண்டு விழுந்தால் கோட்டைக் கதவு திறக்கும் என்று வைத்தோம். உருட்டின கட்டையையா துரோகி என்பது? சப்பென்று இருந்தது. துரோகமே வேண்டாம் என்று ஆடினால் கான் சாகிப் மழைக்காலம் வரை தள்ளிவிடுகிறார். கடைசியில் எங்கள் நடுவரான ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒரு யோசனை செய்தார். கோட்டைக் கட்சியில் மூன்று பேர்: பலசரக்குக் கடை அண்ணாச்சி கான் சாகிப், ஒரு கல்லூரிப் பையன் மார்ச்சாண்ட், பாங்கியில் வேலை பார்க்கும் பரமசாது ஒருவர் ஸ்ரீனிவாசராவ். பின் இருவருக்கும் வாத்தியார் மடித்த சீட்டு கொடுத்தார். எந்த வாரம் வேண்டுமானாலும் அவர்கள் கதவைத் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்.

அண்ணாச்சி பிரமாதமாக ஆடினார். கம்பெனிக் கட்சியில் இருந்த நான் மேற்கு மதிலில் இரண்டு தரம் ஏறி, இரண்டு தரமும் அகழியில் விழுந்தேன். எட்டாவது வாரம் முடிவில் ஐம்பது கொட்டை மீதி. அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், யோசித்தார். பிறகு, "ஊர் ஜனங்களுக்கு இனிமேல் ஒரு கொட்டைதான்" என்றார். வியாபாரியின் கணக்கு, தப்பென்று சொல்ல முடியாது.

பத்தாவது வாரம் நாற்பத்திரண்டு கொட்டை இருக்கும்போது, பாங்கிக்காரர் தம் சீட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "என்ன சார் இது? இன்னும் எட்டு வாரம்தானே! கொட்டை இத்தனை கிடக்கிறதே!" என்றார் அண்ணாச்சி. குரல் விளையாட்டுக் குரலாக இல்லை.

"எட்டு வாரத்துக்கு எட்டே கொட்டையில் மாசி வீதி ஜனங்கள் எப்படி இருப்பார்கள், அண்ணாச்சி? நீங்கள் புளியங்கொட்டையை எண்ணினீர்கள். நான் வேறு எண்ணினேன்" என்றார் அவர்.

"அதற்காகக் கூட இருந்தவனைப் பிடித்துக் கொடுக்கிறதா? அவனைத் தூக்கில் போடுவான் என்று உங்களுக்குத் தெரியாதா?"

பாங்கிக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. வாத்தியாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நிஜ ஸ்ரீனிவாசராவ் ஊர் ஜனங்களை நினைத்தாரா, தம் தலையை நினைத்தாரா என்று எந்த ஏடும் உறுதி சொல்லாது என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி நாற்பத்திரண்டு கொட்டையையும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, காப்பிகூடச் சாப்பிடாமல் போய்விட்டார். மூன்று ஞாயிறு வரவில்லை.

நாலாவது ஞாயிறு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "வாத்தியாரே, இந்தத் தடவை ஸ்ரீனிவாசராவ் நான்" என்றார்.

விதியிலும் ஒரு திருத்தம் ஆகியிருக்கிறது. ஊர் ஜனங்களின் கொட்டை இனித் தனிக் கிண்ணத்தில், எல்லாரும் பார்க்கும்படி, கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.