ஈரத்தில் மரவேலை: அவசரம் வேண்டாம்

வெளி மரவேலை பற்றி வானொலியில் நான் பேசியதைச் சிலர் எழுத்தில் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கிய முதல் இலையுதிர்காலம். பனி கொட்டுமுன் முடித்துவிட வேண்டுமென்று, மழை விட்ட மறுநாளே வெறண்டாக் கைபிடிக்குப் பெயின்ற் அடித்தேன். தொட்டுப் பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. அடுத்த மே மாதம் பார்த்தால் எங்கும் கொப்புளம். நகம் பட்டாலே உரிந்தது.

காரணம் இதுதான். மேற்பக்கம் காய்ந்தாலும் மரத்தின் உள்ளே ஈரலிப்பு இருக்கும். வெயில் பட்டதும் அது ஆவியாகி வெளியேறப் பார்க்கும். பூச்சு மறித்தால் பூச்சையே தள்ளிவிடும். ஈரலிப்பு 20 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பிடித்து மரம் உக்கும். பெயின்ற் அடிக்க 18 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதை அளக்கும் 'புக்த்மோலர்' என்ற சிறு கருவி கட்டடப் பொருட்கடைகளில் கிடைக்கும்.

அப்படியானால் மழை நாட்டில் மரம் நிலைக்காதா? பிக்டோய் நாட்டார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று கோல் மரத் தேவாலயத்தைக் காட்டுங்கள். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஹாலிங்டாலில் கட்டப்பட்டு, 1880களில் ஒஸ்லோவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெளிப்பக்கம் அப்போது புதுப்பிக்கப்பட்டாலும் உள்ளே நிற்கும் தூண்கள் பழையவை. இதற்கு முந்திய தேவாலயங்களின் தூண்களை மண்ணில் புதைத்தார்கள், அவை உக்கிப்போயின. பிறகு கல்லின் மேல் சட்டம் வைத்து, அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். வைரம் பாய்ந்த பைன் மரத்தைத் தேர்ந்து, பைன் தாரைப் பூசினார்கள். ஊரில் வைரமுள்ள பனஞ்சிலாகை தேடியதும், தூணுக்குக் கீழே கல் வைத்ததும் நினைவுக்கு வருகிறதல்லவா?

நாம் செய்ய வேண்டியவை:

மரத்தை மண்ணில் முட்ட விடாதீர்கள். இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள்.

தரைப்பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளி விடுங்கள். அதில் சேரும் இலைகளை அகற்றுங்கள்.

அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அதற்கு இரண்டு மூன்று தரம் பூசுங்கள்.

காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, மாலைப் பனி இறங்க நெடுநேரம் முன்பே நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று, இது உடல்நலம் பற்றியது. என் மைத்துனர் பழைய பச்சை நிறப் பலகைகளை அடுப்பில் எரிக்க அடுக்கி வைத்திருந்தார். நல்லவேளை, கண்டு தடுத்தேன். ஆர்செனிக் சேர்த்துப் பதப்படுத்திய மரம் நோர்வேயில் 2002இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் கட்டிய வெறண்டாக்களில் இன்றும் இருக்கலாம். எரித்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போட்டால் என்ன ஆகும்? பதப்படுத்திய மரம் எதையும் எரிக்காமல், கழிவு நிலையத்தில் அதற்குரிய இடத்தில் ஒப்படையுங்கள்.

வசந்தகால டுக்னாட் வரும்போது தூரிகையை எடுக்குமுன் மரத்தை அளந்து பாருங்கள். ஈரமென்றால் அன்று இலை கூட்டுங்கள். மரம் காத்திருக்கும்.