தொண்ணூற்றாறு மணி நேரம்

பழையசீவரத்து மலைமீது நின்று நோக்குவோர்க்குப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் முக்கூடல் புலப்படும். எதிர்க்கரையிலுள்ள திருமுக்கூடல் கோயிற் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கு 15 படுக்கைகளுடன் விளங்கிய ஆதுலசாலை எனும் மருத்துவமனையையும், அதில் சேமித்த மருந்துகளின் பெயர்களையும் கூறுகிறது. இன்று நாடி பார்க்க வேண்டியது ஆற்றுக்கு.

வேகவதி காஞ்சி நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வருகிறது. பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடுசெய்க என்றது அத்தீர்ப்பு. அதே ஆற்றுக்காக 2025 சனவரி 30 அன்று அந்நீதிமன்றமே மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

நீரில் என்ன கலந்துள்ளது என்பதை வேதிப் பகுப்பாய்வு சொல்லும். அக்கலவை உயிரை என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. தனித்தனியே வரம்புக்குள் அடங்கிய நஞ்சுகள் கூடியபோது கொல்வதுண்டு. ஆகவே மீனையே சான்றுக்கு அழைக்கிறோம். ஒத்த அளவுடைய மீன்களைத் தொட்டிகளில் பிரித்து விடுவர். ஒன்றில் தூய நீர். ஏனையவற்றில் படிப்படியாக மிகும் கழிவு. இரை இடுவதில்லை. 96 மணி நேரம் கண்காணித்து, பாதி மீன்களை மாய்க்கும் செறிவைக் கணிப்பர். தூய நீரிலும் பத்தில் ஒன்றுக்கு மேல் மடிந்தால் ஆய்வே செல்லாது. நீர்த்தெள்ளு எனும் சிற்றுயிரிக்கு 48 மணியே போதும். நம் நாட்டு விதி இன்னும் நேரடியானது: சற்றும் நீர் கலவாத கழிவில் 96 மணிக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும்.

முதலில் அடிபடுவது செவுள். கழிவில் ஆறு இணைதிறனுள்ள குரோமியம் இருந்தால், அது நீரில் குரோமேட்டாக நிற்கும். அதன் வடிவம் சல்பேட்டை ஒத்தது. சல்பேட்டுக்கெனத் திறந்துள்ள வாயில் வழியே அது உயிரணுவினுள் நுழைந்துவிடுகிறது. அதனால்தான் அதற்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற கடும் வரம்பு. எரிச்சலுற்ற செவுள் கோழையைச் சுரக்க, உயிர்வளி உட்புகுவது தடைப்படுகிறது.

“விரால் துள்ளுகிறதே, நீருக்கு என்ன குறை?” என்பாருண்டு. விரால் மேலெழுந்து காற்றையே உண்ணும் மீன். உயிர்வளி குன்றிய குட்டையிலும் அது வாழும். அதன் துள்ளலை நற்சான்றாகக் கொள்ளலாகாது. கெண்டைக் குஞ்சைக் கேட்க வேண்டும். அதுவும் நான்கு நாளில் சாவை மட்டுமே காட்டும். பொரியாத முட்டையும் வளைந்த முள்ளெலும்பும் வெளிப்பட இன்னும் நீண்ட ஆய்வு வேண்டும்.

மழை வடிந்து ஆறு மெலியும் காலத்தில்தான் கழிவின் பங்கு மிகும். அப்போது மூன்று ஆறுகளின் நீரையும் தனித்தனியே முகந்து, தூய நீரை நான்காவதாக வைத்து, கெண்டைக் குஞ்சையும் நீர்த்தெள்ளையும் விட்டுப் பார்த்தல் வேண்டும். அண்மையிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடம் எதற்கும் இது நான்கு நாள் வேலை.