அச்சுக்கு வந்த கடற்சேறு

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ட்மியூல் ஆற்றங்கரையில் இருக்கிறது சோல்ன்ஹோஃபன். 8-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சோலா என்ற துறவியின் பெயரைத் தாங்கிய ஊர். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. ஆனால் ஊர்க் கல்லின் புகழோ உலகம் சுற்றியது.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வெதுவெதுப்பான, ஆழமற்ற கடல் இருந்தது. கடற்பஞ்சுகளும் பவளங்களும் எழுப்பிய திட்டுகள் அதைக் காயல்களாகப் பிரித்தன. வெயிலில் நீர் வற்ற வற்ற, உப்பேறிக் கனத்த நீர் அடியில் தேங்கியது. அதில் ஆக்சிஜன் இல்லை. செத்து விழுந்ததைத் தின்னவோ கலைக்கவோ அங்கே ஆளில்லை. சுண்ணாம்புச் சேறு மெல்லப் படிந்து எல்லாவற்றையும் மூடியது. எலும்பே இல்லாத ஜெல்லிமீன்கூடக் கல்லில் பதிந்திருக்கிறது. தட்டானின் சிறகு நரம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. இந்த வட்டாரத்தில் கிடைத்த ஒரு குதிரைலாட நண்டு, சாவதற்கு முன் ஏறத்தாழ 10 மீட்டர் தட்டுத்தடுமாறி நடந்திருக்கிறது. கால்தடம் அப்படியே இருக்கிறது. தடம் முடிகிற இடத்தில் நண்டும் இருக்கிறது!

சேறு இறுகி, அடுக்கிவைத்த அப்பளம்போல ஏடு ஏடாகப் பிரியும் சுண்ணாம்புக்கல் ஆனது. ரோமானியர் அதைத் தரையில் பாவினார்கள்.

1790-களில் மியூனிக்கில் அலோய்ஸ் செனெஃபெல்டர் என்ற நாடகாசிரியர் தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடினார். இந்தக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நனைத்து, அச்சுமையை உருட்டினார். ஈரமான இடம் மையை விலக்கியது. எழுத்து மட்டும் பற்றிக்கொண்டது. செதுக்கவும் வேண்டாம், எழுத்துக் கோக்கவும் வேண்டாம். இதுதான் லித்தோகிராஃபி, அதாவது கல்லச்சு. துகள்கள் மிக நுண்மையாக, எங்கும் ஒரே சீராக இருப்பதால் இந்தக் கல் நீரையும் பசையையும் சமமாக ஏற்கிறது. கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு வந்துவிட்ட இன்றைய ஆஃப்செட் அச்சும் இதே எண்ணெய்–நீர்ப் பகையில்தான் ஓடுகிறது.

கல்லுக்குக் கிராக்கி ஏற ஏற, உளிக்கு வேலை கூடியது. புதைந்து கிடந்தவையும் வெளியே வந்தன. 1861-இல், கல்லில் பதிந்த ஒற்றை இறகைப் பற்றி ஹெர்மன் ஃபான் மேயர் அறிவித்தார். அதே ஆண்டில் பக்கத்து ஊரில் ஓர் எலும்புக்கூடு: பல்லிபோல நீண்ட எலும்பு வால், பறவைபோல இறகுகள். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்து இரண்டே ஆண்டுகள். இதைவிட நல்ல நேரத்தில் ஒரு புதைபடிவம் கிடைத்திருக்க முடியாது. அந்த உயிரினத்துக்குச் சூட்டிய ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா என்ற பெயரில் அச்சுக்கல்லும் ஏறிக்கொண்டது.

இப்போதும் சோல்ன்ஹோஃபனில் பொதுமக்கள் சுத்தியலும் உளியுமாகக் கல் பிளக்க ஒரு குவாரி உண்டு. ஏட்டைப் பிரித்ததும் பெரணி இலைபோல ஒன்று தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். அது செடியே அல்ல. கல்லிடுக்கில் ஊறிய நீர் விட்டுப்போன இரும்பு, மாங்கனீசு ஆக்சைடு.