லாரி புறப்படுமுன் மூன்று கேள்விகள்

விடியற்காலையில் போடியிலோ கம்பத்திலோ நின்று பாருங்கள். சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவார்கள். இடுக்கி ஏலத் தோட்டங்களில் வேலை; பொழுது சாய்ந்தால் வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் அதே மலையில், மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாக லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. மண் கேரளம்; வீட்டுப் பேச்சு தமிழ்.

2020 ஆகஸ்டு 6ந் தேதி இரவு, பெருமழையில் ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டார்கள். பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள், ஒருவருக்கொருவர் உறவு. மின்சாரமும் டெலிபோனும் அற்றுப்போனதால், செய்தி வெளியே எட்டவே விடிந்துவிட்டது. பிற்பாடு எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறில் கேரள அரசு இடம் கொடுக்க, தோட்டக் கம்பெனி வீடு கட்டித் தந்தது.

"வீடு கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன குறை?" என்கிறீர்களா? லயத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு. அடுத்த கதவு சித்தப்பா. அதற்கடுத்த கதவு அத்தை. அந்த இரவில் போனது கூரை மட்டுமல்ல, சொந்தபந்தமே போயிற்று. அதை அறியாதவர் கொடுக்கும் உதவி பாதி உதவிதான்.

ஜப்பானில் குடியேறிய கொரியர்களின் கதையையும் கேளுங்கள். 1923 செப்டம்பரில் டோக்கியோ பக்கம் பூகம்பம். 'கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள்' என்று வதந்தி கிளம்பிற்று. வழியில் மறித்து, ஜப்பானிய வார்த்தையைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்புப் பிசகியவர்களைக் கொன்றார்கள். பலியானவர்கள் ஆயிரக்கணக்கில்!

1995 ஜனவரி 17ந் தேதி கோபே நகரில் பூகம்பம். இந்தத் தடவை இரண்டே வாரத்துக்குள், நகாதா வட்டாரத்தில் ஒரு சின்னஞ்சிறு ரேடியோ கொரிய பாஷையில் பேச ஆரம்பித்தது. அதன் பெயர் 'யோபோசெயோ'. நம் 'ஹலோ' மாதிரி! முன்பு உயிரைப் பறித்த அதே பாஷை, இப்போது ஆறுதலாக வந்தது.

நாளை மலையில் ஆபத்தென்றால் நம் பள்ளத்தாக்கிலிருந்துதான் முதல் லாரி கிளம்பும். அதற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் உண்டா? உறவினர்களைப் பிரிக்காமல் ஒரே முகாமில் தங்கவைக்க முடியுமா? இறந்தவர்களுக்கு எந்த முறைப்படி காரியம் செய்யவேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டாயிற்றா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு அரிசி மூட்டையை ஏற்றுங்கள்.