கானகத்தில் ஆய்வாளரின் கால்தடம்

திருப்பதி என்றதும் நமக்கு ஏழுமலையானும் லட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஏழு மலைகளும் அடங்கிய சேஷாசலக் காடு 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. செம்மரமும் தங்கப்பல்லியும் உள்ள இந்தக் காட்டுக்குப் பக்தர்களைப் போலவே ஆய்வாளர்களும் வருகிறார்கள். "காட்டைக் காப்பாற்ற நினைக்கிறவர்களால் காட்டுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்பீர்கள். பக்கத்துக் கடப்பை மாவட்டத்து லங்கமலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்டன் கோர்சர் என்று ஒரு பறவை. தெலுங்கில் 'கலிவி கோடி'. கோடி என்றால் நம்ம கோழிதான். முள்புதர்களுக்கிடையே இரவில் இரை தேடும். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடியபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் ராத்திரியில் ஒன்றை உயிரோடு பிடித்துக் கொடுத்தார். பெரிய சந்தோஷம்! ஆனால் அந்தப் பறவை சில நாட்களிலேயே செத்துப்போயிற்று. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் எத்தனை மிச்சம் என்றே தெரியாத இனத்தில் ஒன்று குறைந்தது.

பின்னால் வந்தவர்கள் வழியை மாற்றினார்கள். தமிழில் பறவை நூல்கள் எழுதும் ப. ஜெகநாதனும் உடன் ஆய்வாளர்களும் புதர்களுக்கிடையே மெல்லிய மண்ணைப் பரப்பி வைத்து, அதில் பதியும் கால்தடத்தைப் பார்த்தார்கள். தானியங்கிக் கேமராவும் வைத்தார்கள். பறவையைத் தொடவே வேண்டியதில்லை. பல ஆண்டு மௌனத்துக்குப் பின் 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் அதன் இருப்பைச் சொன்னதும், இரவில் பதிவான குரல்தான்.

இதிலும் கவனம் வேண்டும். பதிவு செய்த குரலை ஓயாமல் ஒலிக்கவிட்டால் பறவை இரையை விட்டுவிட்டுப் பதில் சொல்லி அலையும். தீர்ந்த பேட்டரியும், மரத்தில் அடையாளத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவும் காட்டிலேயே கிடந்தால் அதுவும் குப்பைதான். மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரி, வேலை முடிந்ததும் நாடாவை அவிழ்த்து எடுத்துவருவது, ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி தந்து ஜீப் ஓட்டத்தைக் குறைப்பது, கிடைத்த தகவலை மற்றவர்களோடு பகிர்ந்து ஒரே இடத்தை இரண்டுமுறை கலைக்காமலிருப்பது எல்லாம் கைக்கெட்டிய காரியங்களே. திருப்பதியிலேயே 2015 முதல் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வாசலிலேயே இருக்கிறது.

திருமலைப் படிகளைச் செருப்பில்லாமல் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். காட்டுக்குள் போகும் ஆய்வாளருக்கும் அந்தப் பணிவு வேண்டும்.