தராசு பிடித்த கை

உழவனைப் போற்றிய புலவர் பலர். ஏரும் எருதும், நாற்றும் நடவும் தமிழில் இடம்பெறாத காலம் இல்லை. ஆயின், களத்திலே குவிந்த நெல்லைக் காசாக்கிக் கொடுப்பவனைப் பற்றி நம் இலக்கியம் அதிகம் பேசியதில்லை. பேசிய வேளைகளிலும் அவன் பெரும்பாலும் கொடியவனாகவே வந்து போனான். அவனுடைய நாள் எவ்வாறு கழிகிறது, அவன் எங்கே நிமிர்ந்து நிற்கிறான், எங்கே வழுக்குகிறான் என்பதைச் சற்று ஆற அமர நோக்குவோம்.

கல்முனையிலே நின்று கிழக்கே பார்த்தால் கடல். ஊரைக் கடந்து மேற்கே சென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று விரியும் இப்பகுதியில் நெய்தலும் மருதமும் அண்டை வீட்டார். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இம்மருதத்தை மேலும் அகலச் செய்தது. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. இன்று இலங்கையில் நெல் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் அது முன்வரிசையில் நிற்கின்றது.

விளைவு மிகுந்த இடத்தில் அரிசி ஆலைகளும் மிகும். ஆலை நிறுவனங்களிலே கொள்முதலுக்குப் பொறுப்பான முகாமையாளர் ஒருவர் இருப்பார். அத்தகையோர் பலரை ஒருவராக்கி, பெரும்போக அறுவடைக் காலத்தில் அவருடைய ஒரு நாளைப் பின்தொடர்வோம். பெயர் வேண்டாம், உழவர் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்பர்.

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசற் படியிறங்கும்போதே அவருடைய தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். எந்த வட்டையிலே இன்று வெட்டு, பொலன்னறுவை லொறிகள் நேற்று என்ன விலை கொடுத்தன, சிவப்பு நாடு எவ்வளவு, சம்பா எவ்வளவு எனத் தரகர்கள் செய்தி சொல்வார்கள். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். தை மாதத்திலும் கிழக்குக் கரையிலே மழை முற்றாக விடைபெறுவதில்லை. கருமேகம் ஒன்று தென்பட்டால் விலை இறங்கும். அதை அவரும் அறிவார், உழவனும் அறிவான்.

மேகத்துக்கும் விலைக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு எவ்வாறு வந்தது? முன்னாளில் வேளாண்மையை அரிவாளால் வெட்டிச் சூடாக அடுக்கி வைப்பார்கள். பின்னர் நல்ல வெயில் பார்த்து, களவெட்டியில் எருதுகளைக் கட்டி மிதிப்பார்கள். அந்தச் சூடு உழவனுக்கு ஒரு களஞ்சியம். விலை வரும்வரை அவன் சற்றே பொறுத்திருக்கலாம். இன்று அறுவடை இயந்திரம் ஒரு பகற்பொழுதிலே வயலை மூடைகளாக்கிவிடுகிறது. உடல் உழைப்புக் குறைந்தது. கூடவே பொறுத்திருக்கும் வசதியும் போயிற்று. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி மஞ்சளித்துப் போகும். காயவைக்கத் தளம் இல்லாதவர்களுக்குத் தெருவோரந்தான் கதி. இயந்திர வாடகையும் உரக் கடனும் வாசலிலே காத்து நிற்கின்றன. விற்றே ஆகவேண்டியவன் விலை பேசுவது எங்ஙனம்?

அரசு சும்மா இருந்ததா என்று வாசகர் கேட்கலாம். 1948இலேயே நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் நெல் வாங்கின. 1971இன் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை பிறந்தது. 1990களிலே அது ஓய்ந்து, பின்னர் மீண்டும் உயிர் பெற்றது. 2025 பெப்ரவரியில் அரசு ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் அறிவித்தது. ஆயின் அம்பாறையிலே கதிர் தை மாதத்திலேயே சாயத் தொடங்கிவிடுகிறது. மேலும், அந்த விலை 14 வீத ஈரத்துக்கு உலர்ந்த நெல்லுக்கே உரியது. வயலிலிருந்து நேரே வரும் ஈர நெல் தனியார் ஆலையின் வாசலைத் தேடித்தான் போகவேண்டும்.

நிற்க. காக்காவின் மேசைக்கு வருவோம். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ நெல்லைக் குற்றினால் 65 கிலோ அரிசி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நெல் 120 ரூபா எனின், ஒரு கிலோ அரிசியில் நெல்லின் அடக்கம் மட்டும் ஏறத்தாழ 185 ரூபா. அதற்குமேல் மின்சாரம், கூலி, லொறி, வங்கி வட்டி. தவிடு விற்ற காசு சிறிது கைகொடுக்கும். அரிசிக்கு அரசு உச்ச விலை விதிக்கும் காலங்களில் மேலேயும் கதவு அடைபட்டுவிடும். “இன்றைக்கு ஐந்து ரூபாவைக் குறையுங்கள்; வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள்” என்று நிறுவனம் சொன்னால், அதுவும் உண்மைதான்; திரும்பிப் போகமாட்டார்கள்.

ஆயினும், இன்று திரும்பிப் போகாதவன் அடுத்த போகத்திலே திரும்பி வருவானா என்பது வேறு கேள்வி. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது; அதைத் தொடர்ந்த போகத்தில் நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தது. நெல் அரிதாகும் அத்தகைய பருவத்தில், உழவன் தன் வண்டியை எவர் வாசலுக்குத் திருப்புவான்? பழைய அளவைகளை அவன் மறந்திருக்கமாட்டான்.

அஸருக்குப் பின் ஒரு லொறி வந்து நிற்கிறது. ஐயாயிரம் கிலோ நெல். கூரிய இரும்புக் குழாயை மூடையிலே குத்தி மாதிரி எடுத்து, ஈரப்பதமானியிலே இடுகிறார்கள்.

“காக்கா, எவ்வளவு காட்டுது?”

“இருபது.”

“ஒரு நாள் முழுக்க வெயில்ல போட்டெடுத்த நெல்லு. இருபது வராதே!”

“சரி, இன்னும் ரெண்டு மூணு மூடையில குத்திப் பாப்பம். நீங்களும் கிட்ட வந்து பாருங்க.”

இந்தச் சிறு எண்ணிலே என்ன இருக்கிறது? 100 கிலோ நெல்லில் ஈரம் 20 வீதம் எனின், உலர்ந்த பொருள் 80 கிலோ. 14 வீதத்துக்குக் காயும்போது எஞ்சுவது ஏறத்தாழ 93 கிலோ. ஆகவே ஏழு கிலோ கழிப்பது கணக்கு. காயவைக்கும் கூலிக்கெனச் சிறிது பிடிப்பதும் வழக்கு. பத்துக் கிலோ கழித்தாலோ, அந்த ஒரு லொறியில் 150 கிலோ நெல் ஓசையின்றிக் கைமாறிவிடும். 120 ரூபா வீதம் அது 18,000 ரூபா. பூட்டு உடையவில்லை, கத்தி எடுக்கவில்லை, ஒரு பற்றுச்சீட்டு மட்டும் எழுதப்பட்டது.

நடுவுநிலைமையைப் பேச வந்த வள்ளுவர், அவ்வதிகாரத்திலே தராசையும் வணிகனையும் நினைத்துக்கொண்டார். குர்ஆனின் 83ஆம் அத்தியாயமோ அளவையில் மோசம் செய்வோரைப் பெயராகவே கொண்டு, அவர்களை எச்சரித்துத் தொடங்குகிறது. இரு நூல்களும் பயிலப்படும் கரையிலே, அளப்பவன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இயலாது. விலையைச் சந்தையும் அரசும் மழையும் வகுக்கின்றன. அதில் அவனுக்குள்ள அதிகாரம் சிறிது. அளவை மட்டும் முழுவதும் அவன் கையில் இருக்கிறது.

மூன்று மூடைகளைக் குத்திப் பார்த்தார்கள். பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டரை என்று காட்டியது. ஒரு வீத வேறுபாடு ஐயாயிரம் கிலோவிலே ஐம்பது கிலோவுக்கு மேலாகும். காக்கா ஒன்றும் பேசவில்லை. சீட்டிலே இருபதை வெட்டினார். பத்தொன்பது என்று எழுதிக் கீழே கையொப்பமிட்டார். மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. அடுத்த லொறிக்காரர் தம் மூடைகளின் மேல் விரித்திருந்த படங்கை விலக்கத் தொடங்கினார்.